மிடறே கருவியாக: ரக்மானினொவின் ‘இராமுழுதும் விழிப்பு’

இசைக்கருவிகளுள் மிக மூத்தது மனிதனின் மிடறு. குழலும் யாழும் முழவும் கைவினையால் ஆக்கப்பட்டவை. மிடறோ பிறப்போடு வந்தது. ஏனைய கருவிகள் இசையை மாத்திரமே தரவல்லன. மிடறு ஒன்றே இசையோடு சொல்லையும் ஒருங்கே தரவல்லது. இவ்வுண்மையை உணர்ந்தோர் எந்நாட்டிலும் உளர். ஆயினும், இதனையே விதியாகக் கொண்டு, வழிபாட்டிடத்தில் எக்கருவிக்கும் இடங்கொடாத சமய மரபுகள் உலகிற் சிலவே. அவற்றுள் ஒன்று இரஷ்ய வைதிகத் திருச்சபையின் மரபு. அங்கே ஆலயத்துக்கு வெளியே மணிகள் முழங்கும். உள்ளே ஓர்கன் முதலிய கருவி எதுவும் ஒலிப்பதில்லை. குருவானவர் ஓதுவதும், திருத்தொண்டர் விடுக்கும் வேண்டுதலும், பாடகர் குழு தரும் மறுமொழியும் ஆகிய அனைத்தும் மனிதக் குரலாலேயே நிகழ்கின்றன.

இம்மரபினுள் நின்று 1915ஆம் ஆண்டிலே சேர்ஜி ரக்மானினொவ் இயற்றிய ‘இராமுழுதும் விழிப்பு’ என்னும் கூட்டிசைப் படைப்பு, இருபதாம் நூற்றாண்டின் சமய இசையுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. பியானோ வாசிப்பில் உலகப்புகழ் பெற்றவரும், பெரும் வாத்தியக் குழுக்களுக்கென இசை எழுதியவருமாகிய ஒருவர், அவ்வளவையும் ஒதுக்கிவைத்து, வெறும் மனிதக் குரலை மாத்திரம் கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட படைப்பொன்றை ஆக்கினார் என்பது சிந்தித்தற்குரியது. இதன் வரலாறு ஒருவருடைய மேதையைப் பற்றிய வரலாறு மட்டுமன்று. ஏடுகளில் உறங்கிய இசையை ஓர் ஆசிரியர் எழுப்பியதும், அதற்கு அவர்தம் மாணவர் புத்துயிர் அளித்ததும், பாடுவோர் கலைந்தபோது அது நாவிழந்ததும், பின்னர் மீண்டும் ஒலித்ததுமாகிய வரலாறு அது. ஒரு மரபு எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு வாடுகிறது என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான விடை காண்டல் அரிது.

முதற்கண் அவ்வழிபாடு யாதென அறிதல் வேண்டும். இரவிற் கண்விழித்திருந்து இறைவனைத் தொழும் வழக்கம் பல சமயங்களுக்கும் பொதுவானது. இரஷ்யத் திருச்சபையில் ஞாயிற்றுக்கிழமைக்கும் பெருந் திருநாள்களுக்கும் முந்திய மாலையில் இவ்விழிப்பு வழிபாடு நடைபெறும். மாலை வழிபாடு, வைகறை வழிபாடு, முதலாம் மணி வழிபாடு என்னும் மூன்றும் இடையறாது தொடர்ந்து ஒன்றாய் இணைந்ததே அது. பண்டைத் துறவி மடங்களில் அது பொழுது சாயும் வேளையில் தொடங்கிப் பொழுது விடியும் வரை நீண்டது. ஊர்க்கோயில்களில் நாளடைவில் அது சில மணி நேரமாகச் சுருங்கிற்று. இருள் சூழும்போது விளக்கேற்றிப் பாடுவதும், நள்ளிருளில் மனம் வருந்தி வேண்டுவதும், ஒளி புலரும்போது உயிர்த்தெழுதலைப் போற்றுவதும் அதன் உட்பொருள். அதாவது, இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் ஓர் யாத்திரையை இருந்த இடத்திலிருந்தே நிகழ்த்துவது அது.

இவ்வழிபாட்டிற் பாடப்பெற்ற பண்டைய இசைக்கு ‘ஸ்னாமென்னி’ என்று பெயர். ‘ஸ்னாமியா’ என்னும் இரஷ்யச் சொல் குறி என்னும் பொருளது. 988ஆம் ஆண்டிலே கீவ் நகரத்து அரசர் விளாதிமீர் கிறிஸ்தவ சமயத்தை ஏற்றபின், பைசாந்தியப் பேரரசிலிருந்து வழிபாட்டு நூல்களோடு இசை எழுதும் முறையும் அந்நாட்டை அடைந்தது. பாட்டின் சொற்களுக்கு மேலே கொக்கிகளும் கோடுகளும் புள்ளிகளுமாகிய குறிகளை இட்டு இசையை எழுதிவைத்தனர். இக்குறிகள், மேனாட்டுச் சுரக்கோடுகளைப் போன்று, ஒவ்வொரு சுரத்தின் நிலையையும் தனித்தனி காட்டுவனவல்ல. இசை எங்கே ஏறும், எங்கே நிற்கும், எங்கே சுழலும் என்பதனை, முன்னரே கேட்டுப் பழகியவனுக்கு நினைவூட்டுவன அவை. ஆசிரியர் வாய்க்கேட்டறியாத ஒருவன் ஏட்டைக் கையில் வைத்திருப்பினும் பாட இயலாது. பாடல்கள் யாவும் எட்டு இசைவகைகளாக வகுக்கப்பட்டிருந்தன. வாரத்துக்கு ஒன்றாக அவை முறையே வந்து, எட்டு வாரத்துக்கு ஒருமுறை சுற்று நிறைவுறும். பாடுவோர் பலராயினும் பாடும் இசை ஒன்றே. எல்லோரும் ஒரே சுரவரிசையையே ஒருங்கு பாடுவர்.

பதினேழாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. மேற்குத் திசையிலிருந்து, பல குரல்கள் வெவ்வேறு சுரங்களை ஒரே வேளையில் ஒத்துப் பாடும் முறை, கீவ் நகரத்துப் பாடகர் வாயிலாக மொஸ்கோவை வந்தடைந்தது. அதே காலத்தில் வழிபாட்டு நூல்கள் திருத்தப்பட்டன. அத்திருத்தத்தை ஏற்க மறுத்துப் பிரிந்து சென்ற ‘பழைய நம்பிக்கையாளர்’ தம் ஒருகுரல் இசையையும் கொக்கிக் குறிகளையும் விடாப்பிடியாகப் பேணினர். ஏனையோர் அவற்றை மெல்ல மெல்ல மறந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலோ அரசவையில் இத்தாலிய இசைவாணர் செல்வாக்குப் பெற்றனர். இத்தாலியிற் பல்லாண்டு பயின்று மீண்ட பொர்த்னியான்ஸ்கி போன்றோர் இனிமை மிக்க வழிபாட்டிசை இயற்றினர். அவர்தம் திறமை மறுக்கற்பாலதன்று. எனினும் சொல் இரஷ்ய ஆலயத்துக்குரியதாகவும் இசை பிறநாட்டு அரங்குக்குரியதாகவும் இருந்த ஒரு பொருந்தாமை நிலைத்துவிட்டது. மேலும், திருச்சபைக்குரிய இசையை அச்சிடுவதற்கு அரசவைப் பாடகர் குழுவின் தலைவர் இசைவு வேண்டும் என்னும் கட்டுப்பாடும் இருந்தது. 1878இல் சைக்கொவ்ஸ்கி இயற்றிய வழிபாட்டிசை, அவ்விசைவின்றி அச்சேறியது என்னும் காரணத்தாற் பறிமுதல் செய்யப்பட்டது. வழக்கு மன்றம் பதிப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின்னரே சிறந்த இசைவாணர் பலரும் இத்துறையில் இறங்குவதற்கு வழி திறந்தது.

வழி திறந்தமை மட்டும் போதாது. செல்லும் திசை தெரிதல் வேண்டும். அத்திசையைக் காட்டியவர் ஸ்தெபான் ஸ்மொலென்ஸ்கி என்னும் அறிஞர். 1848இற் பிறந்த அவர் கசான் நகரத்தில் ஆசிரியராய் இருந்த காலத்திலேயே பழைய இசையேடுகளை ஆராய்வதில் ஈடுபட்டார். பதினேழாம் நூற்றாண்டிலே, அலெக்சாந்தர் மெசெனெத்ஸ் என்னும் துறவி, கொக்கிக் குறிகளின் பொருளை விளக்கி 1668இல் ஒரு நூல் இயற்றியிருந்தார். அதனை ஸ்மொலென்ஸ்கி ஆராய்ந்து 1888இற் பதிப்பித்தார். மூடிக்கிடந்த பெட்டகத்துக்குத் திறவுகோல் கிடைத்தாற் போன்ற செயல் அது. அடுத்த ஆண்டில் அவர் மொஸ்கோவிலுள்ள சினொத் இசைப் பள்ளியின் தலைவராக அமர்ந்தார். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் வழிபாட்டிசை பயிற்றிய அப்பள்ளியோடு இணைந்திருந்த பாடகர் குழு, அவர் காலத்திலும் அவருக்குப் பின்னரும், நாட்டிலே தலைசிறந்ததாக வளர்ந்தது. பழைய ஏடுகளைத் தேடித் திரட்டிப் பள்ளியின் நூலகத்தையும் அவர் வளம்படுத்தினார். மொஸ்கோ இசைக் கல்லூரியில் இரஷ்யத் திருச்சபை இசையின் வரலாற்றையும் அவரே கற்பித்தார்.

ஸ்மொலென்ஸ்கியின் கொள்கை எளியது. பண்டைய இசை அரும்பொருட் காட்சிச்சாலையில் வைத்தற்குரியதன்று. அதன் இயல்பை அறிந்து, அவ்வியல்பிலிருந்தே புதிய பலகுரல் இசை எழுதல் வேண்டும். மேனாட்டு இலக்கணத்தை அதன்மேற் போர்த்துதல் தகாது. நாட்டுப்புற மக்கள் கூடிப் பாடும்போது, ஒருவர் தலைமைப் பாட்டைப் பாட, மற்றையோர் அதனின்று சற்றே விலகியும் மீண்டும் வந்து கூடியும் கிளைக்குரல்களைப் படைப்பர். ஆழ்ந்த குரலுடையோர் ஒரே சுரத்தை நீட்டி நிற்பர். இவ்வழக்குகளிலே பழம் இசைக்கேற்ற பலகுரல் முறை ஏற்கெனவே இருக்கின்றது என்பதே அக்கொள்கையாளர் கண்ட முடிபு. கஸ்தால்ஸ்கி, செஸ்னொக்கொவ், கிரெச்சானினொவ் முதலியோர் இந்நெறியிற் படைத்தனர். அதனைப் ‘புதிய நெறி’ என்று வழங்கினர். பழமையின் ஆழத்திற்கு இறங்கிச் சென்றதனாலேயே அது புதிதாயிற்று என்பது கருதத்தக்கது.

இவ்விடத்தில் ரக்மானினொவ் வருகின்றார். 1873இல் நொவ்கொரட் மாகாணத்தில் பிறந்த அவர், இளமையிலே தம் பாட்டியாருடன் ஆலயங்களுக்குச் சென்று பாடகர் குழுக்களின் பாட்டையும் மணிகளின் நாதத்தையும் கேட்டு வளர்ந்தவர். அம்மணியொலி அவர் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. 1913இல் ‘மணிகள்’ என்னும் பெயரிலேயே பெரும் படைப்பொன்றை அவர் இயற்றினார். மொஸ்கோ இசைக் கல்லூரியில் அவர் பயின்ற காலத்தில் ஸ்மொலென்ஸ்கியின் வகுப்புகளுக்குச் சென்று திருச்சபை இசையைக் கற்றார். ஆயினும் பிற்காலத்தில் அவர் தவறாது ஆலயம் செல்பவராய் இருக்கவில்லை. 1910இல் அவர் முதன்முறை ஒரு பெரிய வழிபாட்டிசையை இயற்றியபோது, அதிற் புதுமை மிகுதியென்று திருச்சபை வட்டாரத்திற் குறை கூறப்பட்டது. அப்படைப்பிலே பழம் இசையை அவர் பெரும்பாலும் ஆளாமல், தம் சொந்தக் கற்பனையையே நம்பியிருந்தார். அழகுகள் பல அதில் உண்டு. வேர்தான் ஆழச் செல்லவில்லை.

ஐந்தாண்டு கழிந்தது. ஸ்மொலென்ஸ்கி 1909இலேயே மறைந்துவிட்டார். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. 1915 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், இரண்டு கிழமைக்கும் குறைந்த காலத்தில், ரக்மானினொவ் ‘இராமுழுதும் விழிப்பு’ முழுவதையும் எழுதி முடித்தார். அதனைத் தம் ஆசிரியர் ஸ்மொலென்ஸ்கியின் நினைவுக்கே உரித்தாக்கினார். பதினைந்து நாளுள் எழுதப்பட்ட ஒன்றெனினும், அதன்பின்னே கால் நூற்றாண்டுக் கேள்வியும், அதற்குப் பின்னே பல நூற்றாண்டு வழக்கும் நின்றன என்பதை மறத்தலாகாது.

படைப்பில் 15 பகுதிகள் உள. முதல் ஆறும் மாலை வழிபாட்டுக்குரியன. எஞ்சியவை வைகறை வழிபாட்டையும் அதன் நிறைவையும் சார்ந்தன. பாடலின் மொழி திருச்சபைக்குரிய பழைய சிலாவோனியம். 15 பகுதிகளுள் 10 பகுதிகள் பண்டைய இசையின்மேற் கட்டப்பட்டவை. அவற்றுள் ஆறு ஸ்னாமென்னி இசையும், இரண்டு கீவ் வழக்கும், இரண்டு ‘கிரேக்க’ வழக்கு எனப்படுவதும் ஆகும். எஞ்சிய ஐந்துக்கும் இசை அவர் தாமே புனைந்தது. ஆனால், பழையதையும் புதியதையும் காதினாற் பிரித்தறிதல் எளிதன்று. அத்துணை உண்மையாகப் பழம் இசையின் நடையை அவர் தம் உடைமையாக்கிவிட்டார். அவை பழமையைப் பார்த்துத் தாம் அறிந்தே செய்த போலிகள் என்று அவரே அடக்கத்தோடு கூறினார். போலி என்பது வெளித்தோற்றத்தைத் திருடுவது. இங்கு நிகழ்ந்ததோ அகத்தியல்பை அறிந்து, அதே விதையிலிருந்து மற்றொரு மரத்தை வளர்த்தது. ஆகவே அவருடைய அடக்கம் ஒருபுறமிருக்க, அப்பெயர் இவற்றுக்குப் பொருந்தாது எனலாம்.

கருவியில்லாக் குறை இப்படைப்பிற் சிறிதும் தோன்றுவதில்லை. அதற்குக் காரணம் குரல்களை அவர் ஆண்ட முறை. பெண்களின் உயர்குரல், பெண்களின் தாழ்குரல், ஆண்களின் உயர்குரல், ஆண்களின் தாழ்குரல் என்னும் நான்கே அடிப்படைப் பிரிவுகள். ஆயினும் இவை மூன்றாகக் குறைவதும், ஐந்தாய், ஆறாய், எட்டாய்ப் பிரிவதும் உண்டு. ஏழாம் பகுதியில் ஓரிடத்திற் பதினொரு குரலாகவே விரிகின்றன. சில இடங்களிற் குழுவில் ஒரு பகுதியினர் வாய்மூடி முரல, ஏனையோர் சொல்லைப் பாடுவர். தாளக்கட்டும் பாட்டின் சொல்லுக்கு அடங்கியே நடக்கின்றது. சொற்றொடர் நீண்டால் அடியும் நீளும், குறுகினாற் குறுகும். ஓதுவதன் இயல்பு இசையாலே கெடுவதில்லை.

ஓரிரு பகுதிகளை எடுத்துக்காட்டாக நோக்கலாம். முதற் பகுதி, வந்து வணங்குமாறு எல்லோரையும் அழைக்கும் அழைப்பு. இரண்டாம் பகுதி 104ஆம் சங்கீதத்தின் சொற்களால் அமைந்தது. படைப்பின் அழகை வியக்கும் அச்சொற்களை ஒரு பெண்ணின் தாழ்குரல் தனித்துப் பாட, குழு அதற்கு மறுமொழி கூறுகின்றது. நான்காம் பகுதி, மாலை விளக்கேற்றும் வேளைக்குரிய மிகப் பழைய கிறிஸ்தவப் பாடல்களுள் ஒன்று. ஆறாம் பகுதி கன்னி மரியாளை வாழ்த்துவது. அடங்கிய குரலில் எளிமையாகத் தொடங்கி, ஒருமுறை கடலெனப் பொங்கி, மீண்டும் அடங்கி முடிவது. தனிப்படவும் பல குழுவினர் இதனைப் பாடுவர். ஏழாம் பகுதியிற் குரல்களே மணிகளாகின்றன. உயரத்தே சிறுமணிகளும் ஆழத்தே பெருமணிகளும் ஒருங்கு அசைவதைக் கேட்போர் உணர்வர். நொவ்கொரட்டிற் சிறுவன் கேட்ட ஓசை அங்கு மிடற்றின் வழியே திரும்பி வருகின்றது. எட்டாம் பகுதியிலோ தாழ்குரல் ஆண்களும் தாழ்குரல் பெண்களும் பழம் ஸ்னாமென்னி இசையை உறுதியோடு பாட, உயர்குரல்கள் அதன்மேல் ஒளிபோற் படர்கின்றன.

எல்லாவற்றுள்ளும் ஐந்தாம் பகுதியே ரக்மானினொவின் உள்ளத்துக்கு மிக அணுக்கமாய் இருந்தது. அதன் சொற்கள் லூக்கா சுவிசேஷத்தில் உள்ளவை. மீட்பரைக் காணுமுன் இறப்பதில்லை என்னும் வாக்கைப் பெற்ற முதியவர் சிமியோன், குழந்தை இயேசுவை ஆலயத்திலே கையிலேந்தி, இனி அமைதியாகப் போகலாம் என்று விடைபெறும் வேண்டுதல் அது. இதற்குரிய கீவ் வழக்கு இசையை ஆண்களின் உயர்குரல் ஒன்று தனித்துப் பாடுகின்றது. கீழே குழுவின் குரல்கள் தொட்டிலை ஆட்டுவதுபோல் ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றன. சாவை எதிர்நோக்கும் முதியவரின் பாட்டு, குழந்தையைத் தாலாட்டும் பாட்டாக அமைந்திருப்பதிலுள்ள நயம் ஆழமானது. முடிவிலே தாழ்குரல் ஆண்கள் படிப்படியாக இறங்குகின்றனர். பியானோவின் நடுச் ‘சி’ சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே சென்று, அதற்கும் ஒரு முழுச் சுரம் தாழ்ந்த ‘பி-பிளாற்’ என்னும் சுரத்தில் அவர்கள் ஓய்கின்றனர். உயிர் நிலத்தோடு அமைதியுறுவதைப் போன்றது அவ்விறக்கம். இப்பகுதி தம் இறுதிச் சடங்கிற் பாடப்பட வேண்டுமென ரக்மானினொவ் விரும்பினார்.

இதுபற்றி அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தி ஒன்று உண்டு. சினொத் பாடகர் குழுவை நடத்திய நிக்கலாய் தனீலினுக்கு இப்பகுதியைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, அவர் தலையை அசைத்து, இத்துணை ஆழம் இறங்கவல்ல குரலுக்கு எங்கே போவது, கிறிஸ்மஸ் காலப் பனியில் அஸ்பராகஸ் தளிர் தேடுவது போலன்றோ இது என்றாராம். எனினும் தேடிக் கண்டுபிடித்தார். தம் நாட்டு மக்களின் குரல் எத்தகையதென்பதைத் தாம் நன்கு அறிந்திருந்ததாக ரக்மானினொவ் குறிப்பிட்டார். இசை எழுதுவோன் தாளை மாத்திரம் அறிந்தாற் போதாது, பாடும் மக்களையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அரங்கேற்றம் 1915 மார்ச் மாதத்தில், அந்நாட்டில் அப்போது வழங்கிய பழைய பஞ்சாங்கப்படி 10ஆம் நாளில், மொஸ்கோவில் நடைபெற்றது. தனீலின் நடத்த, சிறுவரும் ஆடவருமாகிய சினொத் குழுவினர் பாடினர். போரில் அல்லலுற்றோருக்கு உதவி திரட்டுவதற்காக அக்கச்சேரி நடந்தது. பதினைந்தாம் பகுதி, இறைவனின் அன்னையைக் காவல் தலைவியாகப் போற்றி, முற்றுகையினின்று மீண்ட நகரத்தின் நன்றியைக் கூறும் பழம் பாடல். போர்க்காலத்தில் அதனைக் கேட்டோர் உள்ளம் எவ்வாறு நெகிழ்ந்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம். வரவேற்பு மிகுதியாய் இருந்தமையால், ஒரு மாதத்துக்குள் மேலும் ஐந்து முறை அதனைப் பாட வேண்டியதாயிற்று.

அவ்வளவிலே அதன் பகல் முடிந்தது. 1917இற் புரட்சி நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ரக்மானினொவ் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். மீண்டும் அம்மண்ணை மிதிக்கவில்லை. 1918இல் சினொத் பள்ளி தன் பழைய இயல்பை இழந்து மக்கள் கூட்டிசைக் கழகமாக மாற்றப்பட்டது. வழிபாட்டுக்கென வளர்ந்த அதன் பாடகர் குழு கலைந்தது. சமயத்தை ஒடுக்கிய ஆட்சியில் இத்தகைய படைப்புக்கு இடமில்லை. இசையெழுதிய தாள்கள் அழியவில்லை. அச்சிட்ட படிகளும் இருந்தன. ஆயினும் அவற்றை நாவிற்கு அழைத்துவர வல்ல குழு இல்லை. கேட்பிக்கும் ஆலயமும் அடைபட்டது. ஸ்மொலென்ஸ்கி கண்டெடுத்த பழைய ஏடுகள் எந்நிலையிற் கிடந்தனவோ, அந்நிலையை அவர்தம் மாணவரின் புதிய படைப்பும் சில ஆண்டுகளுக்குள் அடைந்தது. ஏட்டில் இருத்தல் வேறு, வாழ்தல் வேறு என்னும் வேறுபாடு இங்கு புலனாகின்றது.

அயல்நாட்டில் ரக்மானினொவ் பியானோ வாசித்தே வாழ்ந்தார். அவர் இயற்றியவற்றின் தொகை பெரிதும் குறைந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் எண்ணிட்ட படைப்புகள் ஆறே. அவற்றுள் இறுதியானது 1940இல் எழுதிய ‘சிம்பனி நடனங்கள்’. அதன் கடைசிப் பகுதியில், பெரும் வாத்தியக் குழுவின் முழக்கத்தினிடையே, ‘இராமுழுதும் விழிப்பு’ ஒன்பதாம் பகுதியின் இசை மீண்டும் எழுகின்றது. உயிர்த்தெழுதலைப் போற்றும் பகுதி அது. அவ்விடத்தில் அவர் ‘அல்லேலூயா’ என்று எழுதிவைத்தார். பாட நாவில்லாத இடத்திலும், கால் நூற்றாண்டுக்குப் பின்னரும், பழைய பாட்டு அவருள்ளே ஒலித்துக்கொண்டிருந்தது. 1943 மார்ச் 28ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் காலமானார். நியூயோர்க் மாநிலத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

படைப்பின் கதை அத்துடன் முடியவில்லை. 1965இல், மொஸ்கோ இசைக் கல்லூரியின் தலைவராயிருந்த அலெக்சாந்தர் ஸ்வேஷ்னிக்கொவ், தாம் நடத்திய அரச பாடகர் குழுவைக் கொண்டு முழுப் படைப்பையும் ஒலிப்பதிவு செய்தார். வெளிநாட்டு விற்பனையையும் ஆராய்ச்சியையும் முன்னிட்டே அத்தட்டுகள் வெளியிடப்பட்டன. சோவியத் நாட்டுப் பொதுக் கடைகளில் அவை விற்பனைக்கு வைக்கப்படவில்லை. இருந்தும், ஆழ்குரல்கள் அரைநூற்றாண்டுக்குப் பின் மீண்டும் அவ்விசையில் இறங்கியதை உலகம் கேட்டது. 1988இல் இரஷ்யர் சமயம் ஏற்ற ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டபோது கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. அதன்பின் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இப்படைப்பைப் பாடாத பெருங்குழு இல்லை என்னுமளவுக்கு அது பரவிற்று. அமெரிக்காவின் கன்சாஸ் நகரக் குழுவும் பீனிக்ஸ் நகரக் குழுவும் இணைந்து செய்த பதிவொன்று 2016இற் கிராமி விருதைப் பெற்றது. சிலாவோனியத்தைத் தாய்மொழியாகவோ சமய மொழியாகவோ அறியாதோரும் அச்சொற்களை முயன்று கற்றுப் பாடுகின்றனர்.

ஆலயத்துக்கென ஆக்கப்பட்ட இப்பாட்டு இன்று பெரும்பாலும் கச்சேரி மண்டபத்திலேயே கேட்கப்படுகின்றது. அதனால் அதன் சமயத்தன்மை குன்றாதோ என்று ஒருவர் வினவலாம். நீளமும் அருமையும் கருதி, ஆலய வழிபாட்டில் இதனை முழுமையாகப் பாடுதல் எளிதன்று என்பது உண்மை. ஆயினும், முதல் அரங்கேற்றமே மண்டபத்தில், போரால் வருந்தியோர் பொருட்டு நிகழ்ந்தது. வழிபாட்டின் சொல் சிதையாது நிற்க, இசை அச்சொல்லுக்குத் தொண்டுசெய்ய, பாடுவோர் தம்மை முன்னிறுத்தாது ஒருங்கிணைந்து பாடுமிடத்து, அவ்விடத்தின் பெயர் மண்டபமாயினும் பாட்டின் பயன் குறைவதில்லை. அத்துடன், தவறாது ஆலயம் செல்லாத ஒருவரே இதனை இயற்றினார் என்பதையும் நினைத்தல் வேண்டும். அவரிடத்திலிருந்த நம்பிக்கையை அளந்து கூற யாராலும் இயலாது. இளமையிற் கேட்டதும் ஆசிரியரிடம் கற்றதும் அவருள்ளே எத்துணை ஆழம் சென்றிருந்தன என்பதை இசையே கூறும்.

தொகுத்து நோக்குமிடத்து, இப்படைப்புக்கு ஆக்கியோர் ஒருவரல்லர் என்பது தெளிவாகும். பெயர் தெரியாத பண்டைத் துறவிகள் இசையைத் தந்தனர். குறிகளைக் காத்தோரும் அவற்றின் பொருளை எழுதிவைத்தோரும் அதனைக் கைமாற்றினர். ஸ்மொலென்ஸ்கி அதனை வாசித்துக் கற்பித்தார். ரக்மானினொவ் அதற்குப் பல குரல் கொடுத்தார். தனீலினும் அவர்தம் சிறுவரும் ஆடவரும் அதனை ஒலியாக்கினர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தபோது முழுவதும் மௌனமாயிற்று. அக்கண்ணி மீண்டும் பொருந்தியபோது முழுவதும் ஒலித்தது. பழமையைப் போற்றுதல் என்பது அதனைப் பூட்டிவைத்தலன்று, புதுமை செய்தல் என்பது பழமையை மறத்தலுமன்று. பழையதைக் கற்றுத் தெளிந்தவனிடத்திலேயே உண்மையான புதுமை பிறக்கின்றது. கற்பிப்போரும் பாடுவோரும் தொடர்ந்து உள்ளவரையில் அது வாழ்கின்றது. ஓர் ஆசிரியரின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்ட இப்பதினைந்து பாடல்களும் இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திக்கொண்டிருக்கின்றன.